பள்ளிப் பிள்ளையின் காலை உணவு

பள்ளிக்கூடத்து மணி அடிக்கும் வேளையில் பிள்ளையின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பது மிக எளிய கேள்வி. பாடத்திட்டம், தேர்வு, பயிற்றுமொழி ஆகியவற்றைப் பற்றி நம் நாட்டில் எத்தனையோ குழுக்கள் கூடி ஆராய்ந்துள்ளன. காலை உணவோ நெடுங்காலம் அடுக்களைக்குள் முடிந்துபோகும் காரியமாகவே எண்ணப்பட்டு வந்தது. உண்ட பிள்ளையும் உண்ணாத பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்தனர். ஒரே கணக்கைப் போட்டனர். ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டனர். உண்ணாத பிள்ளை கணக்கில் தவறினால், அது மந்தபுத்தி என்று பெயர் பெற்றது.

பள்ளியில் உணவு வழங்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்னரே சென்னை மாநகரில் அது தொடங்கிற்று. ஆனால் அவ்வுணவு பெரும்பாலும் நண்பகலுக்கே உரியதாக இருந்தது. நண்பகலிலிருந்து காலைப் பொழுதுக்கு அது நகர்ந்து வருவதற்குள் ஒரு நூற்றாண்டு கழிந்துவிட்டது. அந்நகர்வு ஏன் வேண்டியதாயிற்று, அதனால் யாருக்குப் பயன், இன்னும் எஞ்சி நிற்பது யாது என்பனவற்றை இங்குக் காண்போம். இவ்வரலாற்றின் பெரும்பகுதி நம் தாயகத்தில் நிகழ்ந்தது. அதன் படிப்பினை வேண்டப்படும் பிள்ளைகளோ தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் நம் இல்லங்களிலேயே வளர்ந்து வருகின்றனர்.

திண்ணைப் பள்ளியும் மணிக்கூண்டும்

1822-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் நிலவிய நாட்டுப் பள்ளிகளைப் பற்றி விவரம் அனுப்புமாறு மாவட்ட ஆட்சியர்களைப் பணித்தார். அவர்கள் அனுப்பிய அறிக்கைகளிலிருந்து அக்காலத்துத் திண்ணைப் பள்ளிகளின் நடைமுறை நமக்குத் தெரியவருகிறது. பள்ளி பெரும்பாலும் காலை ஆறு மணி அளவில் கூடும். கதிரவன் மறையும் வரை நடைபெறும். இடையே உணவுக்காக ஓரிரு முறை கலையும். பல்லாரி மாவட்டத்திலிருந்து 1823-இல் சென்ற அறிக்கை ஒரு சுவையான செய்தியைத் தருகிறது. முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். பின்னர் வருவோர்க்கு வந்த வரிசைப்படி பிரம்படி கூடிக்கொண்டே போகும்.

இந்தப் பள்ளிகளில் குறைகள் பல இருந்தன. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட குடிகளின் பிள்ளைகளும் பெண்மக்களும் அத்திண்ணைகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. ஆயினும் ஒரு செய்தி நம் கருத்தைக் கவர்கிறது. பிள்ளை உண்ண வேண்டும் என்பது பள்ளியின் நேர ஒழுங்குக்குள்ளேயே அடங்கியிருந்தது. பள்ளி வீட்டுக்கு அண்மையில் இருந்தது. பிள்ளை ஓடிச்சென்று பழஞ்சோறோ கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ உண்டு திரும்பினான்.

பின்னர் வந்த புதிய பள்ளிகள் கடிகாரத்தைப் பின்பற்றின. அலுவலகம் போலவே பள்ளியும் குறித்த மணிக்குத் தொடங்கி, நண்பகலில் ஒருமுறை மட்டும் கலைந்து, மாலையில் முடிந்தது. காலை உணவு வீட்டின் பொறுப்பு, பாடம் பள்ளியின் பொறுப்பு என்னும் பிரிவினை அப்போதுதான் உறுதிப்பட்டது. விடியுமுன் தாய் சமைக்கக்கூடிய வீடுகளுக்கு அதனால் இடர் ஒன்றும் இல்லை. விடியுமுன்னரே வயலுக்கும் ஆலைக்கும் தாயும் தந்தையும் புறப்பட்டாக வேண்டிய வீடுகளிலோ முதல்நாள் இரவு மிஞ்சியதே காலை உணவு. மிஞ்சாவிடில் அதுவும் இல்லை. இன்று தமிழருக்கு அடையாளமாகச் சொல்லப்படும் இட்டலியும் தோசையும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல சிற்றூர்களில் தீபாவளி போன்ற பண்டிகை நாள் பலகாரங்களாகவே இருந்தன என்பதையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆயிரம் விளக்கில் ஓரணாச் சிற்றுண்டி

1920-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சென்னை மாநகராட்சி மன்றத்தின் முன் ஒரு தீர்மானம் வந்தது. அப்போது மன்றத் தலைவராக விளங்கியவர் பிட்டி தியாகராயச் செட்டியார். ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் மிகவும் ஏழைகள் என்றும், அவ்வறுமை பள்ளியின் மாணவர் எண்ணிக்கையையே பாதிக்கிறது என்றும் அவர் எடுத்துரைத்தார். ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க மன்றம் இசைந்தது.

பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. அந்த நான்கு பள்ளிகளின் மாணவர் தொகை 1922-23-இல் 811. 1924-25-இல் அது 1,671 ஆயிற்று. பிள்ளைகள் பள்ளியை வெறுத்து ஒதுங்கவில்லை; பசி அவர்களைத் தடுத்து வைத்திருந்தது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதிய சான்று.

ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்தல் முறையன்று என்று அரசாங்கம் தடுத்தமையால், 1925 ஏப்ரலில் சிற்றுண்டி நின்றது. உணவு என்பது கல்வியைச் சேர்ந்த செலவாகுமா என்னும் வழக்கு அப்போதே எழுந்துவிட்டது. 1927-இல் 25 பள்ளிகளில் 1,000 ஏழை மாணவர்க்கு மட்டும் அது மீண்டும் தொடங்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரியிலும் 1930-ஆம் ஆண்டில் பள்ளிப் பகலுணவு நடைமுறைக்கு வந்தது.

எடைபோட்டுப் பார்த்தவர்கள்

பசித்த பிள்ளைக்கு உணவு கொடுத்தால் நன்மை உண்டு என்பதற்குச் சான்று வேண்டுமா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் பொதுப் பணத்தைச் செலவிடுவோர் சான்று கேட்டனர். ஆகவே சிலர் எடைபோட்டுப் பார்த்தனர்.

இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு வழங்க உள்ளூராட்சிகளுக்கு அனுமதி தந்த சட்டம் 1906-இல் நிறைவேறியது. மறு ஆண்டு பிராட்போர்டு நகரில் அங்குள்ள பள்ளி மருத்துவ அலுவலர் ரால்ப் குரௌலி என்பவர் ஏழைப் பிள்ளைகள் 40 பேரைத் தெரிந்தெடுத்து, சில மாதங்கள் காலையிலும் நண்பகலிலும் பள்ளியிலேயே உணவளித்து, வாரந்தோறும் எடை பார்த்தார். காலை உணவாக ஓட்ஸ் கஞ்சியும் ரொட்டியும் பாலும் வழங்கப்பட்டன. உணவு பெற்ற பிள்ளைகள் பெறாத பிள்ளைகளைவிட விரைவாக எடை கூடினர். இடையே ஒரு விடுமுறை வாரம் வந்தது, பள்ளி மூடியது, உணவும் நின்றது. அந்த ஒரே வாரத்தில் பிள்ளைகளின் எடை இறங்கிற்று. வீட்டில் அவர்களுக்குக் கிடைத்தது எவ்வளவு என்பதை அவ்வாரம் வெளிப்படுத்திவிட்டது.

நார்வே நாட்டில் உடல்நலப் பேராசிரியர் கார்ல் ஷியோட்ஸ் வேறொரு வழியைக் காட்டினார். நண்பகலில் சூடாக வழங்கிவந்த உணவைவிடப் பள்ளி தொடங்குமுன் வழங்கும் எளிய உணவே மேலானது என்பது அவர் கருத்து. முழுக்கோதுமை ரொட்டி, பாலாடைக்கட்டி, பால், ஒரு பச்சைக் காரட்டோ பழத்துண்டோ, குளிர்காலத்தில் மீன் எண்ணெய் என அமைந்த அவ்வுணவு 1930-களில் ஆஸ்லோ நகரப் பள்ளிகளில் பரவி, ‘ஆஸ்லோ காலை உணவு’ என்று உலகெங்கும் பெயர் பெற்றது. அடுப்பு மூட்டாமலும் பிள்ளைக்கு நல்ல காலை உணவு தரலாம் என்பது அதன் படிப்பினை.

நம் நாட்டிலும் இத்தகைய ஆய்வு நடந்தது. அதுவும் நீலகிரி மலைமேல் நடந்தது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில், அவருக்குப்பின் தலைமை ஏற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு, அரிசியையே பெரிதும் நம்பி வாழும் ஏழைகளின் உணவை ஆராய்ந்தார். விடுதிகளில் தங்கிப் பயின்ற பிள்ளைகளின் வழக்கமான உணவோடு சிறிதளவு கொழுப்பு நீக்கிய பால்தூளைச் சேர்த்தபோது, அவர்கள் உயரத்திலும் எடையிலும் மற்றவரை விஞ்சி வளர்ந்தனர் என்று 1937-இல் அவரும் அவருடைய துணைவரும் எழுதினர். வயிறு நிறைவது வேறு, ஊட்டம் பெறுவது வேறு என்னும் உண்மை இதனால் விளங்கிற்று. அந்த ஆராய்ச்சிக் கூடமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

எட்டயபுரம் முதல் பாப்பாக்குறிச்சி வரை

விடுதலைக்குப் பின்னர், 1956-இல் முதலமைச்சர் காமராசர் எட்டயபுரத்தில் பள்ளிப் பகலுணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்குத் தோள் கொடுத்தார். தொடக்கத்தில் அது பெரிதும் ஊராரின் ஈகையால் நடந்தது. நெல்லும் அரிசியும் காய்கறியும் பொருளும் ஊரிலிருந்து வந்தன. ஆசிரியர்களே முன்னின்று நடத்தினர். பின்னர் அரசாங்கம் செலவில் ஒரு பங்கை ஏற்றது. 1961 முதல் கேர் என்னும் வெளிநாட்டு அறநிறுவனத்தின் உணவுப் பொருள்களும் துணைசெய்தன. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர் என்பது அத்திட்டத்தின் பயன்களுள் ஒன்று. அது எளிதில் வந்ததன்று. இன்றும் சில ஊர்களில், சமைப்பவர் இன்னார் என்பதற்காகப் பிள்ளையை உண்ண விடாமல் தடுக்கும் பெற்றோரைப் பற்றிய செய்தி வராமலில்லை.

1982 சூலை 1-ஆம் நாள் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையிலான சிறு குழந்தைகளும், ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் முதலில் அதில் அடங்கினர். அவ்வாண்டு செப்டம்பரில் நகர்ப்புறங்களுக்கும், 1984-இல் பதினைந்து வயது வரையிலான மாணவர்க்கும் அது விரிந்தது. 1989-இல் முட்டை சேர்ந்தது. இத்தனை பிள்ளைகளுக்கு நாள்தோறும் உணவளிக்க அரசின் கருவூலம் தாங்குமா என்று அன்று ஐயுற்றோர் பலர். அது தாங்கிற்று.

ஏட்டிலிருந்து இலைக்கு

நடுவண் அரசு 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடக்கக் கல்விக்கான தேசிய ஊட்டச்சத்து ஆதரவுத் திட்டத்தை அறிவித்தது. ஆயினும் பெரும்பாலான மாநிலங்களில் சமைத்த உணவு வரவில்லை. பிள்ளைக்கு மாதம் 3 கிலோ தானியம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்பட்டது. அத்தானியம் வீட்டார் அனைவருக்கும் பங்கானது. வகுப்பறையில் இருந்த பிள்ளையின் பசி அப்படியே இருந்தது.

2001-இல் மக்கள் குடியுரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், அவ்வாண்டு நவம்பர் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் பயிலும் தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவருக்கும், ஆண்டில் குறைந்தது 200 நாட்கள், குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த உணவு வழங்கப்படவேண்டும் என்பது அது. ஏட்டிலிருந்த திட்டம் அதன் பின்னரே படிப்படியாகப் பிள்ளையின் தட்டுக்கு வந்தது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனைச் சட்டபூர்வமான உரிமையாக்கிற்று.

இதனால் விளைந்த நன்மைகள் அளந்து காணப்பட்டுள்ளன. தொடக்கப்பள்ளிக் காலத்தில் ஐந்தாண்டு வரை இவ்வுணவைப் பெற்ற பிள்ளைகள் வாசிப்பில் 18 விழுக்காடும் கணக்கில் 9 விழுக்காடும் கூடுதல் மதிப்பெண் பெற்றனர் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. சிறுமியராக இருந்தபோது இவ்வுணவைப் பெற்ற பெண்கள், பின்னர் தாயானபோது அவர்தம் குழந்தைகளிடையே வளர்ச்சிக் குறைவு குறைந்து காணப்பட்டது என்று 2021-இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறுகிறது. ஒரு பிள்ளைக்கு இட்ட சோறு அடுத்த தலைமுறைக்கும் சென்று சேர்கிறது.

காலைப் பசியின் கணக்கு

பகலுணவு இவ்வளவு நன்மை செய்யுமாயின், காலை உணவு எதற்கு என்று கேட்போர் உண்டு. விடையை ஓர் எளிய கணக்கால் காணலாம். இரவு எட்டு மணிக்கு உண்டு படுத்த பிள்ளை, காலையில் ஒன்றும் உண்ணாமல் பள்ளிக்கு வந்து, நண்பகல் பன்னிரண்டரை மணிக்குத் தட்டேந்தினால், இடையே பதினாறரை மணி நேரம் கடந்துவிடுகிறது. கணக்கும் வாசிப்பும் பெரும்பாலும் முற்பகலிலேயே கற்பிக்கப்படுகின்றன. ஆகவே பகலுணவு வந்து சேருமுன் பாடத்தின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

உடலின் அமைப்பும் இதற்குத் துணைநிற்கிறது. மூளைக்கு வேண்டிய எரிபொருள் குருதியில் வரும் சர்க்கரை. இரவில் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து அதனை வழங்கி வருகிறது. சிறு பிள்ளையின் கல்லீரல் சிறியது. அதன் சேமிப்பும் சிறியது. மூளையின் தேவையோ பெரியது. ஐந்து வயது அளவில், பிள்ளையின் உடல் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறையப் பத்தில் நான்கு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. பெரியவர் ஒருவேளை உண்ணாமல் வேலைசெய்ய முடிகிறது என்பதைக் கொண்டு பிள்ளையை அளத்தல் தவறாகும்.

ஜமைக்கா நாட்டில் 1989-இல் வெளியான ஓர் ஆய்வு இவ்வகையில் முக்கியமானது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளை ஒரு நாள் காலையில் உணவளித்தும் மற்றொரு நாள் உணவளிக்காமலும் சோதித்தனர். நன்கு உண்டு வளர்ந்த பிள்ளைகள் ஒருவேளை தவறியதால் பெரிதும் தாழ்ந்துவிடவில்லை. முன்னரே ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகள், காலை உணவு தவறிய நாளில் சோதனைகளில் பின்தங்கினர். அதாவது, காலைப் பசியின் சுமை எல்லார் மேலும் ஒருபடித்தாக விழுவதில்லை. ஏற்கெனவே மெலிந்த பிள்ளையின் மேல்தான் அது முழுப் பாரத்தோடு விழுகிறது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளோரில் 67 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். நம் பள்ளிகளின் முதல் வகுப்பில் வந்து அமர்பவர்கள் இவர்களே.

அதே நாட்டில் 16 ஊர்ப்புறப் பள்ளிகளில் 814 பிள்ளைகளைக் கொண்டு ஓராண்டு நடந்து 1998-இல் வெளியான ஆய்வில், காலை உணவு பெற்றோரின் வருகையும் உயரமும் எடையும் சிறிது கூடின; கீழ்வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினர். 1996-இல் வெளியான வேறோர் ஆய்வோ ஓர் எச்சரிக்கையைத் தந்தது. ஒழுங்காக அமைந்த வகுப்பில், உண்ட பிள்ளைகளின் கவனம் கூடிற்று. நெரிசலும் குறைபாடும் மிக்க வகுப்பிலோ, உண்ட பிள்ளைகளின் பேச்சும் ஆட்டமும் கூடின. உணவு பிள்ளைக்கு உரம் தருகிறது. அவ்வுரத்தைப் பாடத்தில் செலுத்த நல்ல ஆசிரியரும் நல்ல வகுப்பும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

காலைக்கு நகர்ந்த உணவு

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, சத்துள்ள காலை உணவுக்குப் பின்வரும் முற்பகல் நேரம் கடினமான பாடங்களைக் கற்க ஏற்றது என்று ஒப்புக்கொண்டு, பகலுணவோடு காலை உணவும் வழங்கப் பரிந்துரைத்தது. சூடான உணவு இயலாத இடத்தில் வேர்க்கடலையையோ கொண்டைக்கடலையையோ வெல்லத்தோடு தரலாம், உள்ளூர்ப் பழங்களையும் சேர்க்கலாம் என்றது. ஆனால் 2021-இல் நாடளாவிய பகலுணவுத் திட்டம் பி.எம். போஷண் என்னும் புதிய பெயரைப் பெற்றபோது, அதில் காலை உணவு இடம்பெறவில்லை.

மாநிலங்களே முன்வந்தன. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதற்கட்டத்தில் 1,545 அரசு தொடக்கப்பள்ளிகளில், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் 1,14,095 பிள்ளைகள் இதனைப் பெற்றனர். பிள்ளை ஒருவருக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அவ்வப்போது கிடைக்கும் காய்கறி என அளவு வகுக்கப்பட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்றாக உணவு அமைந்தது. மகளிர் உதவிக்குழுப் பெண்கள் பள்ளி தொடங்குமுன் சமைத்தனர். சமைப்பவரின் பிள்ளையும் அப்பள்ளியிலேயே பயில்பவராக இருத்தல் நலம் என்று விதி செய்யப்பட்டது. தரத்தைக் காக்க இதனினும் சிறந்த காவல் வேறில்லை. 2023 ஆகஸ்டு 25-ஆம் நாள் திருக்குவளையில் தொடங்கி, மொத்தம் 31,008 அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு இத்திட்டம் விரிந்தது. 2024-இல் ஊர்ப்புறத்து அரசு உதவிபெறும் பள்ளிகளும், 2025-இல் நகர்ப்புறத்து அரசு உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தபோது, பயன்பெறுவோர் தொகை 20 லட்சத்தைக் கடந்தது. திட்டம் தொடங்கிய பள்ளிகளில் 2023 தொடக்கத்தில் மாநிலத் திட்டக்குழு பார்வையிட்டபோது, 1,543 பள்ளிகளுள் 1,319-இல் வருகை கூடியிருந்தது.

மற்ற மாநிலங்களும் தத்தம் வழியில் முயன்றன. கர்நாடகம் 2013-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் வழங்கத் தொடங்கிற்று. 2024-இல் கேழ்வரகு மாவுக் கஞ்சியைச் சேர்த்தது. ஆந்திரம் 2023-இல் கேழ்வரகுக் கஞ்சியை வழங்கத் தொடங்கிற்று. தெலங்கானம் அவ்வாண்டு அக்டோபர் 6-ஆம் நாள் தன் காலை உணவுத் திட்டத்தை அறிமுகம் செய்தது. எனினும் நாடு முழுவதற்குமான சட்டத்தில் ஓர் இடைவெளி நிற்கிறது. அங்கன்வாடிக்கு வரும் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்குக் காலைச் சிற்றுண்டியும் சூடான உணவும் உண்டு என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கோ பகலுணவு ஒன்றையே அது குறிக்கிறது. ஆறு வயது நிறைந்த நாளில் காலைப் பசி நின்றுவிடும் என்பது போல் இவ்வேற்பாடு அமைந்துள்ளது.

பிறந்த ஊரை விட்டு வாழும் நாம்

தமிழ்நாட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் பொங்கலும் உப்புமாவும், பிழைப்பைத் தேடி வெளியூர் வந்துள்ள தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. மும்பையின் தாராவியில் விடியுமுன் மாவரைத்து இட்டலி அவித்து, நகரின் பல தெருக்களுக்கும் அனுப்பும் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. ஒரு நகரத்தின் காலைப் பசியைத் தீர்க்கும் அந்த அடுப்புகளுக்கு அருகே படுத்துறங்கும் பிள்ளை, தான் உண்டபின் பள்ளிக்குச் செல்கிறதா என்பதைக் கவனிக்கும் ஓய்வு அந்தத் தாய்க்கு வாய்ப்பது அரிது. கட்டட வேலைக்குச் செல்வோர், வீட்டு வேலைக்குச் செல்வோர் நிலையும் அதுவே.

வசதியுள்ள வீடுகளிலும் குறை இல்லாமலில்லை. வடநாட்டுக் குளிர்காலத்தில் இட்டலி மாவு எளிதில் புளிப்பதில்லை. பள்ளி வண்டியோ இருள் நீங்குமுன் வந்து நிற்கிறது. ஒரு குவளை பாலும் இரண்டு பிஸ்கட்டும் காலை உணவாகிவிடுகின்றன. சில வீடுகளில் தேநீரே உணவாகிறது. தேநீரும் காப்பியும் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும் என்பதை அறிந்தும் சிறு பிள்ளைக்குக் கொடுத்துவருகிறோம்.

மாவு புளிக்காவிடில் அதற்காகக் காத்திருத்தல் வேண்டா. மராத்திய நாட்டில் அவல் உப்புமா உண்டு. வடநாட்டில் கோதுமைக் குறுநொய்யில் சமைத்த தலியா உண்டு. பீகாரில் வறுத்த கடலை மாவாகிய சத்து உண்டு. வங்கத்தில் பொரி உண்டு. அவற்றோடு சிறிது வேர்க்கடலையோ சுண்டலோ முட்டையோ பாலோ சேர்த்தால், குன்னூர் ஆராய்ச்சியாளர் சொன்ன குறை நீங்கிவிடும். முதல்நாள் இரவே வேகவைத்த கொண்டைக்கடலையும் ஒரு வாழைப்பழமும் அடுப்பில்லாத காலை உணவாகும். நம் பாட்டிமார் அறிந்திருந்த கேழ்வரகுக் கஞ்சி எந்த மாநிலத்திலும் கால்மணி நேரத்தில் ஆக்கக்கூடியது. தாய்நாட்டுச் சுவையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் வாழும் மண்ணின் உணவை ஏற்பதில் நமக்குக் குறைவு ஒன்றும் இல்லை.

வீட்டோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. பள்ளிப் பகலுணவைப் பெறும் உரிமை பிள்ளை பயிலும் பள்ளியைச் சார்ந்தது. அதன் தாய்மொழியையோ பிறந்த மாநிலத்தையோ சார்ந்ததன்று. அங்கன்வாடியின் காலைச் சிற்றுண்டியும் அவ்வாறே. வேலைக்காகப் புதிதாக வந்திறங்கிய குடும்பங்கள் பலவற்றுக்கு இது தெரிவதில்லை. மொழி தெரியாமையால் கேட்கவும் அஞ்சுகின்றனர். வெளியூர்களில் நம் தமிழ்ச் சங்கங்கள் விழா எடுக்கின்றன, பட்டிமன்றம் நடத்துகின்றன, அவை வேண்டியனவே. அவற்றோடு, தம் பகுதியிலுள்ள தமிழ்ப் பிள்ளைகளுள் உண்ணாமல் பள்ளிக்குச் செல்வோர் எத்தனை பேர் என்று ஒருமுறை கணக்கெடுத்துப் பார்த்தல் தகும். அண்மையிலுள்ள பள்ளியின் தலைமையாசிரியரிடம் சென்று, மணி அடிக்குமுன் பிடி கடலையும் ஒரு பழமும் தர ஏற்பாடு செய்தல் எந்தச் சங்கத்துக்கும் இயலக்கூடியதே. எட்டயபுரத்தில் தொடங்கிய ஏற்பாட்டுக்கும் முதலில் கைகொடுத்தவர்கள் ஊராரும் ஆசிரியருமே. அரசாங்கத்தின் பங்கு பின்னர் வந்தது.

1925-இல் சென்னையில் சிற்றுண்டியை நிறுத்தியபோது சொல்லப்பட்ட காரணம், உணவு கல்விச் செலவாகாது என்பது. அதன்பின் வந்த ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வொரு திட்டமும் அக்கூற்றை மறுத்தே வந்துள்ளன. பகலுணவைப் பொறுத்தவரை வழக்கு தீர்ந்துவிட்டது. காலை உணவைப் பொறுத்தவரை சில மாநிலங்களில் மட்டுமே தீர்ந்திருக்கிறது. அது நாடெங்கும் தீரும் நாள் வரையில், நம் கண்ணெதிரே பள்ளிக்குச் செல்லும் பிள்ளையைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று முதலில் கேட்போம். பாடம் படித்தாயா என்பதைப் பிறகு கேட்கலாம்.